கடைமடைக்குக் குடிபோன அமைச்சர்

"அம்மா, இந்த நாட்டைக் காப்பாத்த ஒரு வழி சொல்லுங்க."

மழவராயர் இப்படிக் கேட்டபோது பெரியநாயகி அம்மை அடிப்பிடித்த சோற்றுப் பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கேட்டவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. மலை, காடு, ஆறு மூன்றுக்கும் அமைச்சர். அறுபதைத் தாண்டியவர். அம்மைக்கு நாற்பதுகூட இருக்காது. ஆற்றின் கடைசியில் இருக்கும் முடிகரை என்ற ஊரில், ஒரு கீற்றுக் குடிசையில் இருந்தாள். எங்கிருந்து வந்தாள், யாரிடம் படித்தாள் என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. பொல்லாத வாய் என்பது மட்டும் நாடு முழுக்கத் தெரியும்.

"நாட்டுக்கு என்ன வந்துச்சு?"

"ஆறு வருஷா வருஷம் மெலியுதும்மா. மரம் வெட்டாதேன்னு சட்டம் போட்டேன். திருட்டுத்தனமா வெட்டுறான். ஒண்ணு வெட்டினா பத்துக் கன்னு வைக்கணும்னு போட்டேன். வைக்கிறான். வச்ச கையோட அவன் ஆட்டையே ஓட்டிவிட்டு மேய்க்கிறான். சாயத் தண்ணியை ஆத்துல விடாதேன்னேன். நான் வர்ற அன்னிக்கு விடுறதில்லை. ஜனங்களுக்குப் புத்தியே இல்லைம்மா."

"உங்களுக்கு இருக்கா?"

மழவராயர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் நேர்மையான மனிதர். கைநீட்டி ஒரு வெற்றிலைகூட வாங்கியதில்லை. அந்த நினைப்பு அவரைவிட்டு ஒருநாளும் போனதில்லை.

அம்மை கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். கிணற்றில் இறைத்து ஒரு கொட்டாங்குச்சி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க. குடிங்க."

வாங்கி வாயில் விட்டார். கண் பிதுங்கிவிட்டது. துப்பினால் மரியாதை இல்லை. விழுங்கவும் முடியவில்லை. ஒரு நாட்டின் அமைச்சர் கன்னம் உப்ப உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"முழுங்குங்க ராயரே. இங்க எல்லாரும் அதைத்தான் முழுங்குறாங்க."

முழுங்கினார்.

"உங்க வீட்டுத் தண்ணி எங்கேருந்து வருது?"

"மலைச் சுனையிலேருந்து."

"இனிக்குமோ?"

"இனிக்கும்மா."

அம்மை மறுபடி பானையை எடுத்துக்கொண்டாள். "ஏரியில மடை திறந்து விடுறானே நீர்ப்பாய்ச்சி, அவனுக்குக் கூலிக்குப் பதிலா எந்த வயலை மானியமா விடுவாங்க?"

இது அந்த நாட்டில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். ஆதியிலிருந்து வருகிற வழக்கம். எந்த ஏரியானாலும் சரி, தண்ணீர் திறந்துவிடுகிறவனுடைய வயல் பாசனத்தின் கடைசி வயலாகத்தான் இருக்கும். ஊர் வயல் எல்லாம் நனைந்த பிறகுதான் அவன் வயல் நனையும். யார் வயலிலாவது தண்ணீரைக் கூடுதலாகத் தேக்கவிட்டால் காய்வது அவன் பயிர். அதனால் எந்த நீர்ப்பாய்ச்சியும் தண்ணீரில் தப்பு செய்ததில்லை.

"கடைமடை வயலைத்தாம்மா விடுவாங்க."

"நாட்டுக்கே மடை திறந்து விடுறவர் நீங்க. உங்க வயல் எங்க இருக்கு?"

மழவராயர் எழுந்தார். நாக்கில் உப்பு இன்னும் போகவில்லை.

"போயிட்டு வர்றேம்மா."

"போகவேணாம். வந்தா போதும்."

*

மன்னருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"தலைநகரத்தை விட்டுட்டு முடிகரைக்கா? அங்க என்ன இருக்கு, ராயரே?"

"கடைமடை இருக்கு, மன்னா. அமைச்சன் வீடு அங்கதான் இருக்கணும். அதுதான் நம்ம நாட்டு வழக்கம்."

வழக்கம் என்று சொன்னால் மன்னரால் மறுக்க முடியாது. போதாததற்குச் சுனைக்குப் பக்கத்தில் ஒரு நல்ல வீடு காலியாகிறது. வீடு கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்த மைத்துனர் ஒருவர் இருந்தார். மன்னர் அன்றைக்கே உத்தரவு கொடுத்துவிட்டார்.

சிரிக்காதவள் மழவராயரின் மனைவி கோமளவல்லி ஒருத்திதான்.

"இந்த வயசுல என்னை உப்புத் தண்ணியில சோறாக்கச் சொல்றீங்களா?"

"நாடு நல்லா இருக்கணும்ல?"

"நாடு நல்லா இருக்கட்டும். நான் நாட்டுல இல்லையா?"

சொன்னாளே தவிர, மறுநாள் அம்மிக்கல்லை வண்டியில் ஏற்றச் சொன்னது அவள்தான்.

முடிகரையில் முதல் நாள் அவள் வைத்த பருப்பு வேகவே இல்லை. விறகு முழுக்க எரிந்து தணிந்தது. பருப்பு போட்டபடி பானையின் அடியில் கிடந்தது. கோமளவல்லி அகப்பையைக் கீழே போட்டுவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். மழவராயர் வெறும் சோற்றில் மோர் ஊற்றிப் பிசைந்தார். மோரும் கரித்தது.

அந்த வீட்டுக்குக் கருவாடு விற்க ஒருத்தி வருவாள். பேர் செல்லக்கிளி. முடிகரையைத் தாண்டி, மணல் மேடுகளுக்கு அந்தப் பக்கம், நண்டுத்திட்டு என்று ஒரு குப்பம் இருக்கிறது. அங்கிருந்து வருவாள். இடுப்பில் கைக்குழந்தை, தலையில் கூடை. வயல் இல்லாத ஊர் என்பதால் பாசனக் கணக்கில் நண்டுத்திட்டு வராது. ஆறு முடிகரையைத் தாண்டி வழிந்தால்தான் அவர்களுக்குத் தண்ணீர். வழியாத காலத்தில் ஆற்று மணலில் குழி தோண்டி, ஊறுவதை மொண்டு குடிப்பார்கள்.

செல்லக்கிளி பானைக்குள் எட்டிப்பார்த்துச் சிரித்தாள். "இந்தத் தண்ணியில பருப்பு எந்தக் காலத்துல ஆத்தா வெந்துச்சு? மேல ஆத்தைத் திறந்துவிடச் சொல்லுங்க. கிணறு தானா இனிச்சுப் போகும். எங்க குழியிலயும் நாலு குடம் ஊறும்."

"அதை இவருகிட்டச் சொல்லு. இவருதான் அமைச்சரு."

செல்லக்கிளி மழவராயரை ஏற இறங்கப் பார்த்தாள். "அமைச்சருங்களா? இங்கயா?"

அன்றைக்கு அவர் எழுதிய உத்தரவுக்கு, அதுவரை எழுதியது எதுவும் உறை போடக் காணாது.

மேற்கு மலையில் கோடரிச் சத்தம் கேட்கக் கூடாது. சாயப்பட்டறைகள் ஆற்றங்கரையை விட்டு உடனே கிளம்ப வேண்டும். தலைமடைக்காரர்கள் புதிதாக வெட்டிய கால்வாய்களைத் தூர்க்க வேண்டும். எழுதியதோடு நிற்கவில்லை, நேரில் போய் நின்றார். சாக்குச் சொன்னவர்களிடம் ஒரு செம்பை நீட்டினார். முடிகரைத் தண்ணீர்.

"குடிச்சிட்டுப் பேசு."

குடித்தவன் அதற்குப் பிறகு அதிகம் பேசவில்லை.

அரண்மனையில் கேலி பேசினார்கள். மேலே எவனுடைய பட்டறையாவது மூடப்பட்டால், "அமைச்சர் வீட்டுல இன்னிக்கும் பருப்பு வேகலை போல" என்பார்கள். ஆனால் பயந்தார்கள். புத்தகத்தில் படித்துவிட்டுச் சட்டம் போடுகிறவனைச் சமாளிக்கலாம். வயிறு காய்ந்து சட்டம் போடுகிறவனை என்ன செய்வது?

ரெண்டு மழைக்காலம் போனது. ஆறு முடிகரைக்கு வந்தது. முடிகரையைத் தாண்டியும் போனது. கிணற்று உப்பு இறங்கியது. ஒருநாள் காலையில் கோமளவல்லி, "என்னங்க, இங்க வந்து பாருங்க!" என்று கத்தினாள். என்னவோ ஏதோ என்று ஓடினார். பானையில் பருப்பு மலர்ந்து குழைந்திருந்தது. இரண்டு கிழடுகளும் அடுப்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாழ்க்கையில் அதைப் போன்ற சந்தோஷம் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

அம்மையின் குடிசைக்கு ஓடினார்.

"அம்மா, நான் செய்யறது சரிதானா?"

"பருப்பு வெந்துச்சா?"

"வெந்துச்சும்மா."

"அப்ப எதுக்கு இங்க வந்தீங்க? போய் சாப்பிடுங்க."

*

அடுத்த கோடையில் அரங்கபூபதி வந்தார்.

மேற்கு மலையின் மரமும், ஆற்றோரச் சாயப்பட்டறைகளும் முக்கால்வாசி அவருடையவை. மழவராயரால் அதிகம் அடிபட்டவர் அவர்தான். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று மழவராயர் இடுப்பை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

அரங்கபூபதி சண்டைக்கு வரவில்லை. தட்டு நிறையப் பழம் கொண்டுவந்திருந்தார். மழவராயர் தட்டைத் தள்ளிவிட்டார்.

"தெரியும்யா, தொடமாட்டீங்க. சும்மா பார்க்கத்தான் வந்தேன்."

அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. கிணறு மறுபடி லேசாகக் கரித்தது. கோமளவல்லி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அரங்கபூபதி ஒரு வாய் குடித்தார். முகம் மாறியது. நடிப்பில்லை, நிஜமாகவே மாறியது.

"அம்மா, இதையா குடிக்கிறீங்க? இந்த வயசுலயா?"

கோமளவல்லி முடி கொட்டிச் சிறுத்துப்போன கொண்டையைத் தொட்டுக்கொண்டாள்.

"ஐயா, உங்களுக்கு எதுவும் வேணாம். ஊருக்கு? இந்த ஊருக்குத் தண்ணி குடுத்தா வேணாம்பீங்களா?"

"எப்படி?"

"சுனையிலேருந்து சுட்ட மண் குழாய். பூமிக்குள்ள பதிச்சு நேரா இங்க கொண்டாந்துடறேன். மழை பேஞ்சாலும் பேயாட்டியும் வரும். என் செலவு. பதிலுக்கு எதுவும் கேட்கமாட்டேன். சத்தியமாக் கேட்கமாட்டேன்."

அவர் சத்தியத்தைக் கடைசிவரை காப்பாற்றினார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர் பேசி முடிப்பதற்குள் சேதி ஊருக்குள் பரவிவிட்டது. வாசலில் கூட்டம். பெண்கள் குடத்தைத் தட்டிச் சிரித்தார்கள். ஒரு கிழவர் மழவராயரின் காலில் விழுந்தார். "எங்கப்பன் காலத்துலேருந்து கேட்டோம். நீங்க வந்து குடியிருந்ததால வருது."

வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

அம்மையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கிளம்பினார். பாதி வழி போனார். நின்றார். திரும்பிவிட்டார். வெயில் அதிகம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கருவாட்டுக் கூடையோடு செல்லக்கிளி வழியில் வந்தாள். குழந்தை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தது.

"ஐயா, எங்க பக்கமும் குழாய் வருங்களா?"

"வரும். சொல்லியிருக்கேன்."

சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டும் என்று அந்த நிமிஷத்தில்தான் நினைத்தார். நினைத்ததே சொன்ன மாதிரி ஆகிவிட்டது. பெரிய மனிதர்களுக்கு இப்படி ஒரு வசதி உண்டு.

குழாய் வந்தது. முடிகரையோடு நின்றது.

*

அதற்குப் பிறகு மழவராயர் கெட்டுப்போனார் என்று சொன்னால் கதை சுலபமாக முடிந்துவிடும். அவர் கெட்டுப்போகவில்லை.

அதே வீட்டில் இருந்தார். அதே கிழிந்த பாயில் படுத்தார். காலையில் எழுந்ததும் வழக்கம்போல முதலில் ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்த்தார். இனித்தது. நாடு நன்றாக இருக்கிறது என்று எழுத உட்கார்ந்தார்.

மேற்கு மலையில் காய்ந்த மரங்களை மட்டும் வெட்டிக்கொள்கிறோம் என்று ஒரு மனு வந்தது. நியாயமாகத்தான் இருந்தது. சரி என்றார். காய்ந்தவற்றுக்குப் பக்கத்தில் நிற்பதையும் வெட்டினால்தான் வண்டிப்பாதை போட முடியும் என்றார்கள். அதிலும் நியாயம் இருந்தது. பட்டறை மூடியதால் எத்தனையோ குடும்பம் பட்டினி கிடக்கிறது என்று ஒருவன் வந்து அழுதான். மழவராயருக்கும் கண் கலங்கியது. திறந்துகொள் என்றார். முன்பு என்றால் செம்பை நீட்டியிருப்பார். இப்போதும் நீட்டினார். வந்தவன் மடக்மடக் என்று குடித்துவிட்டு, "அமிர்தம்யா" என்றான்.

யாரும் அவரை ஏமாற்றவில்லை. அவருடைய நாக்குதான் அவரை ஏமாற்றியது.

ஆறு மெலிந்தது. முடிகரைக்கு வந்து சேராமல் நின்றது. யாருக்கும் அது தெரியவில்லை. ஆற்றைப் போய்ப் பார்க்கும் வேலை ஊரில் யாருக்கு இருக்கிறது? வயலுக்கும் குழாயிலேயே தண்ணீர் வந்தது. முடிகரைப் பெண்கள் குடம் எடுத்துப் போகும் பாதையில் எருக்கு முளைத்துவிட்டது. கிணற்றைக் குப்பை போட்டு மூடினார்கள்.

கோமளவல்லிதான் ஒருநாள் கேட்டாள். "அந்தக் கருவாட்டுக்காரப் பொண்ணு வர்றதே இல்லையே. என்னவாம்?"

"வேற ஊர்ல விப்பா."

"ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வரலாம்ல?"

"பார்க்கலாம்."

பார்க்கவில்லை. மன்னரிடமிருந்து ஆள் வந்திருந்தது.

மன்னருக்கு மழவராயரின் பேரால் பெரிய புகழ் கிடைத்திருந்தது. பக்கத்து நாட்டுக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து முடிகரையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடைமடையில் குடியிருக்கும் அமைச்சர்! கடைமடையில் இனிக்கும் தண்ணீர்! இப்படி நாட்டை நடத்தினால் ஆயிரம் வருஷத்துக்குக் கவலையில்லை என்று மெச்சினார்கள். மன்னர் ஒரு சட்டமே போட்டுவிட்டார். இனி எல்லா அமைச்சர்களும் ஏதாவது ஒரு கடைமடையில்தான் குடியிருக்க வேண்டும். சட்டம் வந்த கையோடு எல்லாக் கடைமடைக்கும் குழாய் போனது. குழாய் போய்ச் சேர்ந்த பிறகுதான் அமைச்சர்கள் குடிபோனார்கள்.

மழவராயருக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார்கள். அவர் கூச்சப்பட்டுக்கொண்டே வாங்கிக்கொண்டார். நேர்மையாக உழைத்துச் சம்பாதித்த சால்வை என்றே நம்பினார்.

இதை அம்மையிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? சால்வையோடு குடிசைக்குப் போனார்.

குடிசை இல்லை. கீற்று மட்கிக் குவிந்து கிடந்தது. பக்கத்து வேலியில் ஒருவன் பூசணிக் கொடியை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தான்.

"அம்மை எங்கப்பா?"

"குழாய் வந்த அன்னிக்கே போயிட்டாங்களே. உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

"எங்க போனாங்க?"

"கடைமடைக்குப் போறேன்னாங்க."

"இதானே கடைமடை?"

அவன் தலையைச் சொறிந்தான். "நானும் அதைத்தான் கேட்டேன். சிரிச்சிட்டுப் போயிட்டாங்க."

அவன் கை நீட்டிய பக்கம் மணல் மேடுகள் இருந்தன.

*

மேடு ஏறி இறங்கியதும் செருப்பு அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். ஆறு எங்கே என்று தேடினார். தான் ஆற்றுக்குள்தான் நடந்துகொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு நெடுநேரம் கழித்துத்தான் புரிந்தது.

நண்டுத்திட்டில் பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. இருந்த பெண்கள் ஒரு குழியைச் சுற்றிக் குடத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். குழி ஆள் உயரத்துக்கு மேல் இறங்கியிருந்தது. உள்ளே பெரியநாயகி அம்மை கொட்டாங்குச்சியால் மணலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். இளைத்துக் கறுத்துப் போயிருந்தாள்.

"அம்மா."

"வாங்க ராயரே. நிழல் விழாம நில்லுங்க. ஊறுதான்னு பார்க்கணும்."

அவர் தள்ளி நின்றார். தள்ளி நின்றபோதுதான் செல்லக்கிளியைப் பார்த்தார். குடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய குழந்தையைக் காணோம்.

"பிள்ளை எங்கம்மா?"

கேட்டிருக்க வேண்டாம். அவருக்கே தெரிந்துதான் இருந்தது.

"போயிருச்சுய்யா. இந்தத் தண்ணியைக் குடிச்சு வயித்தால போச்சு. ரெண்டே நாளு."

மழவராயர் அப்படியே மணலில் உட்கார்ந்தார். சால்வை நழுவி விழுந்தது. எடுக்கவில்லை. வாய்விட்டு அழுதார். அந்த அழுகையைக் குறை சொல்ல முடியாது, உண்மையான அழுகைதான். அதனால் யாருக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

"ஏம்மா என்கிட்டச் சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"என்னத்தைச் சொல்ல? உங்க செம்புலதான் இனிச்சுதே."

"அந்தக் குழாயை இன்னிக்கே உடைக்கச் சொல்றேன்."

"உடைச்சா முடிகரைப் பிள்ளைங்க எதைக் குடிக்கும்? கிணத்தைத்தான் மூடியாச்சே."

"மலையில ஒரு மரம் வெட்டவிடமாட்டேன்."

"நிக்குற மரத்துக்குச் சொல்றீங்க. வெட்டினதை எழுந்து நிக்கச் சொல்லுங்க பார்ப்போம்."

மழவராயர் கையைப் பிசைந்தார். குழிக்குள் கொட்டாங்குச்சி சுரண்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவருக்கு, முன்பு ஒருமுறை சரியான வழியாக இருந்த அதே வழி ஞாபகத்துக்கு வந்தது. முகம் தெளிந்தது.

"நான் இங்க வந்துடறேன்மா. முடிகரை வீட்டைக் காலி பண்ணிட்டு இங்கயே குடிசை போட்டுக்கறேன். இந்தக் குழித் தண்ணியைத்தான் நானும் குடிப்பேன். இனி இதுதான் கடைமடை."

குடத்தோடு இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஐயா இங்க குடிவர்றாங்களாம்டி!"

"நிசமாவா?"

"ஐயா வந்தா குழாய் வந்துரும்ல?"

"வராம? அமைச்சரு இருக்குற ஊருக்கெல்லாம் குழாய் வருதுல்ல! சட்டமே அப்படித்தானே?"

ஒருத்தி குலவையே போட்டுவிட்டாள். செல்லக்கிளி எழுந்து வந்தாள். அவர் காலடியில் குடத்தை வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் கண்ணில் கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கிக்கொண்டிருப்பார். கோபம் இல்லை.

"வந்துருங்கய்யா. சீக்கிரமா வந்துருங்க. என் பிள்ளைதான் போச்சு. மத்ததுங்களாவது இருக்கட்டும்."

எந்த வாயால் வேண்டாம் என்று சொல்வது? மழவராயர் குழியைப் பார்த்தார். அம்மை ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தார்.

அம்மை மேலே ஏறி வந்தாள். கையில் ஒட்டியிருந்த ஈர மணலைத் தட்டிவிட்டாள். கொட்டாங்குச்சியைச் செல்லக்கிளியிடம் கொடுத்தாள். பிறகு கடலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

"எங்கம்மா போறீங்க?"

"கடைமடைக்கு."

மழவராயர் பின்னாலேயே ஓடினார். மணலில் கால் புதைந்தது. மூச்சு வாங்கியது.

"அந்தப் பக்கம் ஊரே கிடையாதும்மா. கடல்தான் இருக்கு. அங்க மனுஷங்க யாருமே இல்லையே!"

அம்மை திரும்பிப் பார்த்தாள். அவள் அழுது அன்றைக்குத்தான் அவர் பார்த்தார்.

"கடைமடைக்காரங்க இன்னும் பொறக்கலை" என்றாள்.